மூன்று வயசுக்கு என்ன அவசரம்?

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் தாம்பரம் பக்கம் 'அட்மிஷன் நடைபெறுகிறது' என்ற பேனர்கள் முளைத்து விடும். சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மழலையர் பள்ளிகள்தான். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது கூட, "உங்க பையனை எங்கே சேர்க்கப் போறீங்க?" என்றுதான் பேச்சு. "ஒண்ணாங்கிளாஸ் வரைக்கும் வீட்டுலதான்" என்று நான் சொன்னால், பணம் இல்லாமல் சொல்கிறாளா, விவரம் தெரியாமல் சொல்கிறாளா என்று மேலும் கீழும் பார்க்கிறார்கள்.

விவரம் தெரிந்துதான் சொல்கிறேன், தோழிகளே. என்னைப் போல யோசிக்கிற, ஆனால் தைரியம் வராமல் இருக்கிற தாய்மார்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். கணவருக்கு மெப்ஸில் ஒரு கம்பெனியில் வேலை. பெரியவள் 2016-ல் பிறந்தவள். அவளை எல்.கே.ஜி. சேர்க்க வேண்டிய 2020-ல்தான் கொரோனா வந்தது. மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடங்கள், சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. எல்.கே.ஜி., யு.கே.ஜி. திறக்க 2022 பிப்ரவரி ஆகி விட்டது. இரண்டு வருஷம் அவளுக்கு நான்தான் டீச்சர். 2022 ஜூனில் நேராக அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். அந்த வருஷம்தான் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையைப் பார்த்துப் பாடம் நடத்தும் முறை அது. ஒரு மாதம் கழித்து வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "இவ எந்த நர்சரியில படிச்சா?" என்று கேட்டார். "எங்க வீட்டு அடுப்படியில, மிஸ்" என்றேன்.

அன்று கட்டாயத்தால் செய்ததை, இப்போது மூன்றரை வயது ஆகும் சின்னவனுக்கு யோசித்துச் செய்கிறேன்.

இது ஒன்றும் புதுசு இல்லை. நம் தாத்தா, கொள்ளுத் தாத்தாக்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதித்தானே படித்தார்கள்! 1790-களில் எழும்பூரில் ஓர் ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுதும் நம் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, அதையே தன் பள்ளியிலும் கொண்டு வந்தாராம். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் வழக்கத்தையும் சேர்த்து 1797-ல் லண்டனில் புத்தகமே போட்டார். அங்கே அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர்.

இன்னொரு அம்மாளும் நம்ம ஊருக்கு வந்தவர்தான். மரியா மாண்டிசோரி. டாக்டருக்குப் படித்தவர். 1907-ல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லம் தொடங்கினார். 1939-ல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் இங்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் வந்ததால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவர் முறையில், பென்சில் பிடிக்கும் முன்னாலேயே சொரசொரப்பான எழுத்தை விரலால் தடவிப் பார்த்துக் குழந்தை எழுத்தைத் தெரிந்து கொள்கிறது. நம் மணல் எழுத்துக்குப் பக்கத்துச் சொந்தம்தானே இது! 'மாண்டிசோரி' என்று போர்டு போட்டால் இன்று ஃபீஸ் கூடுகிறது. ஆனால் ஹார்டுவேர் கடையில் வாங்கின உப்புத்தாளை எழுத்து எழுத்தாக வெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டினால் போதும். நான் அப்படித்தான் செய்தேன்.

வீட்டில் சொல்லித் தரும்போது பெரிய குழப்பமே எதை முதலில், எதை அப்புறம் என்பதுதான். நான் ஒன்றாம் வகுப்பு அரசுப் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன் (இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது). அதில் எழுத்துகளை ஆரம்பத்தில் இருந்துதான் சொல்லித் தருகிறார்கள். அப்படியென்றால் மூன்று வயதில் நோட்டு நோட்டாக எழுதி என்ன ஆகப் போகிறது என்று தெளிவு வந்தது. பிறகு நானே ஒரு பாடத் திட்டம் வகுத்துக் கொண்டேன்.

முதலில் தமிழ். 247 எழுத்து என்று மலைக்க வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மிச்சம் 216-ம் இவற்றின் சேர்க்கைதான். அ, ஆ, இ என்று வரிசையாகப் போனால் சுழியும் வளைவும் பிள்ளையைத் திணற அடிக்கும். நான் கோடு எழுத்துகளான ட, ப, ம மூன்றில் ஆரம்பித்தேன். புள்ளி வைக்கத் தெரிந்ததும் படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்கள் வந்து விடும். மூன்றே எழுத்தில் தானாகப் படிக்க முடிகிறது என்றதும் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அ, ஆ வரிசையைப் பாட்டாகச் சொல்லட்டும், தப்பில்லை. எழுதுவது மட்டும் எளிதில் இருந்து போகட்டும்.

அடுத்து கணக்கு. நூறு வரை ஒப்பிப்பது கணக்கு ஆகாது. பத்து வரைக்கும் பொருளோடு தெரிந்தால் போதும். புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் இருக்கிற வீட்டில் வேறு சாமான் எதற்கு? பக்கத்துக்கு ஏழு குழி, மொத்தம் பதினாலு. ஒவ்வொரு குழியாகக் காய் போட்டுக் கொண்டே போகும்போது கூட்டல், கழித்தல் எல்லாம் தானாக வரும். தாயம், பரமபதமும் அப்படித்தான். சாப்பாட்டு வேளையில், "நாலு பேருக்குத் தட்டு எடுத்து வை கண்ணா" என்பதும் கணக்குதான்.

மூன்றாவது கைவேலை. சின்னப் பிள்ளையின் விரலுக்குப் பென்சிலை அழுத்திப் பிடிக்கிற பலம் ஒரே நாளில் வராது. சப்பாத்தி மாவு உருட்டுவது, பட்டாணி உரிப்பது, கோலப் புள்ளியைச் சேர்ப்பது, சட்டைப் பொத்தான் போடுவது எல்லாமே எழுத்துக்கு முந்தின பாடம். நான் சின்னவனுக்கு இன்னும் பென்சில் கொடுக்கவில்லை. பலகையும் சாக்பீஸும்தான்.

நான்காவது இங்கிலீஷ். இதில்தான் எல்லாருக்கும் பயம். எங்கள் வீட்டிலும் இதுதான் பெரிய சண்டை. "நீ தமிழ் மீடியம். பையன் நாளைக்கு இங்கிலீஷ் பேசணுமே, என்ன பண்ணுவே?" என்று கணவர் கேட்டார். மாமியாரோ, "ஏம்மா, எதிர் வீட்டுப் பையன் ஏ டூ இசட் மூச்சு விடாம சொல்றான். நம்ம புள்ள மண்ணுல கோடு கிழிச்சுக்கிட்டு இருக்கு" என்று வருத்தப்பட்டார். நான் சொன்னது இதுதான்: "அத்தே, சொல்றது வேற, படிக்கிறது வேற. தாய்மொழியில படிக்கப் பழகிட்டா இன்னொண்ணு சீக்கிரம் வரும்." கணவரிடம், "என்னங்க, சாயந்திரம் கால் மணி நேரம் இங்கிலீஷ் உங்க பாடம்" என்று சொல்லி விட்டேன். எழுத்தின் பெயரை விட அதன் ஓசையை முதலில் சொல்லித் தருகிறோம். பிள்ளையோடு சேர்ந்து நானும் கற்றுக் கொள்கிறேன்.

எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்த வகுப்பறை மின்சார ரயில்தான். 1931-ல் இருந்து ஓடுகிற கடற்கரை - தாம்பரம் வண்டி. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம்... ஒவ்வொரு ஸ்டேஷன் போர்டிலும் தமிழும் இங்கிலீஷும் பெரிதாக இருக்கும். பெரியவள் 'ப' என்ற எழுத்தைப் பல்லாவரத்திலும் பழவந்தாங்கலிலும் பரங்கிமலையிலும் கண்டுபிடித்துக் கத்துவாள். இப்போது அதே விளையாட்டைத் தம்பிக்கு அவளே நடத்துகிறாள். மதராஸ் முறை என்பது இதுதானோ!

ஐந்தாவது கதை. தினம் ஒரு கதை, தூங்கும் முன். கிளை நூலகத்தில் சிறுவர் புத்தகம் எடுப்போம். அழ. வள்ளியப்பாவின் குழந்தைப் பாடல்கள் நம் எல்லாருக்கும் தெரிந்தவைதானே. தாய்மார்கள் படிக்க 'டோட்டோ-சான்', கிஜுபாய் பதேக்கா எழுதிய 'பகல் கனவு' இரண்டும் தமிழில் இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பாடம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவை இவைதான்.

மொத்தம் காலையில் அரை மணி, சாயந்திரம் அரை மணி. அதற்கு மேல் இல்லை. மிச்ச நேரம் விளையாட்டு. மாதச் செலவு நூறு ரூபாயைத் தாண்டியது இல்லை. இதே தாம்பரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் எல்.கே.ஜி.க்குக் கேட்டது ஐம்பதாயிரத்துக்கு மேல். அதோடு குழந்தைக்கு 'இன்டர்வியூ'வாம்! மூன்று வயசுப் பிள்ளையிடம் நிறம் கேட்டார்கள், பழம் கேட்டார்கள். அவன் பயந்து என் முந்தானைக்குள் ஒளிந்து கொண்டான்.

இங்கேதான் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 2009-ல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கையின்போது குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது என்கிறது. நம் மாநிலத்தில் ஜூலை 31 அன்று 5 வயது நிறைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். எல்.கே.ஜி., யு.கே.ஜி. படித்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. "அரசுப் பள்ளியில கூட சேர்த்துக்க மாட்டாங்க" என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடத்துக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். எல்.கே.ஜி. உள்ள பள்ளியில் அந்த இடம் எல்.கே.ஜி.யிலேயே நிரம்பி விடும். ஒன்றாம் வகுப்பு வரை வீட்டில் வைத்திருந்தால் அந்த வாய்ப்பு போய் விடும். நாங்கள் அரசுப் பள்ளி என்று முடிவு செய்து விட்டதால் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பெரிய வகுப்பு வரைக்கும் வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்றே அந்தச் சட்டம் சொல்கிறது. அதற்கு வெளியே தனித்தேர்வராக எட்டாம் வகுப்பு எழுத 12½ வயது நிறைய வேண்டும். 1989-ல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுத 14 வயது. வழி இருக்கிறது என்றாலும், பள்ளித் தோழர்களும் மதியச் சாப்பாட்டுப் பந்தியும் என் பிள்ளைகளுக்கு வேண்டும். அதனால் ஒன்றாம் வகுப்போடு என் பள்ளிக்கூடத்துக்கு லீவு!

வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு இது முடியாது. அவர்களுக்கு அங்கன்வாடி இருக்கிறது. எங்கள் தெருவில் ஒருத்தி எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகிறாள். மகளை அங்கன்வாடியில்தான் விடுகிறாள். ஆட்டம், பாட்டு, சாப்பாடு, தூக்கம். மூன்று வயசுக்கு வேறென்ன வேண்டும்? ஒற்றைப் பிள்ளை உள்ள வீடுகளிலும் இது நல்லது, துணை கிடைக்கும்.

வீட்டில் சொல்லித் தர நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள்:

* பிள்ளை கொட்டாவி விட்டால் பாடத்தை நிறுத்தி விடுங்கள்.

* அக்கம்பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேச யாரையும் விடாதீர்கள், பாட்டியாக இருந்தாலும் சரி.

* செல்போனைக் கையில் கொடுத்துப் பாட்டுப் போடுவது சொல்லித் தருவது ஆகாது. நீங்கள் பாடுங்கள், ராகம் தப்பினாலும் பரவாயில்லை.

* தெருப் பிள்ளைகளோடு தினம் ஒரு மணி நேரமாவது விளையாட விடுங்கள்.

* பேச்சு வராமலோ, கூப்பிட்டால் திரும்பாமலோ இருந்தால், "தானா சரியாகும்" என்று இருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். டீச்சர் கண்ணில் படுவது தாயின் கண்ணில் சில சமயம் படாது.

* பிறப்புச் சான்றிதழ், ஆதார் எல்லாம் இப்போதே தயாராக இருக்கட்டும். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை சமயத்தில் அலைய வேண்டாம்.

என் மாமியார் இப்போதெல்லாம் புலம்புவது குறைந்து விட்டது. தமிழ் எழுத்துப் பாட்டைத் தானே சொல்லித் தருகிறார். ஆனால் சொந்தக்காரர்கள் வந்தால் மட்டும், "என்னமோ, இவ சொல்றா" என்று என் பக்கம் கையைக் காட்டி விடுவார். இருக்கட்டும், பொறுப்பு என்னுடையதுதானே.

படிப்பு குறைந்த தாய்க்குச் சொல்லித் தரத் தெரியாது என்று யார் சொன்னது? பிள்ளைக்குப் பேசக் கற்றுக் கொடுத்தது எந்த டீச்சர்? அதை விடக் கஷ்டமான பாடமா இந்த அ, ஆவும் ஒன்று, இரண்டும்? இரண்டு வருஷம் நம் மடியில் இருந்தால் எந்தப் பிள்ளையும் பின்தங்கிப் போய் விடாது. கடன் வாங்கி எல்.கே.ஜி. ஃபீஸ் கட்டப் போகும் சகோதரிகள், கட்டும் முன் ஒரு நாள் உட்கார்ந்து யோசியுங்களேன்.

- ஒரு வாசகி, கிழக்குத் தாம்பரம்.