சட்டைப்பைக் காமிரா

தாயகம் விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் ஊரை நினைவூட்டும் நிழற்படம் ஒன்றேனும் இருக்கும். அத்தகைய படங்களை நாமே எடுக்க உதவும் சட்டைப்பை டிஜிட்டல் காமிராவைப் பற்றி இன்று சிறிது காண்போம்.

கைப்பேசி இருக்கையில் தனிக் காமிரா எதற்கு எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஜப்பானிய நிறுவனங்கள் 2010-இல் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் காமிராக்களைச் சந்தைக்கு அனுப்பின. 2023-இல் அத்தொகை ஒரு கோடியை எட்டவில்லை. எனினும், வில்லையே முன்னும் பின்னும் நகர்ந்து தொலைவிலுள்ள கப்பலை அருகே காட்டும் வசதி இச்சிறு கருவியில் உண்டு.

இது இயங்கும் முறை யாது? பழைய காமிராவில் ஒளி பிலிம் சுருளில் பதிந்தது. இதிலோ, ஒளியுணரி என்னும் சிறு சில்லு அவ்வேலையைச் செய்கிறது. முற்றத்தில் வரிசையாக வைத்த கிண்ணங்களில் மழைநீர் சேர்வதுபோல, சில்லின் நுண்ணிய புள்ளிகளில் ஒளி சேர்கிறது. ஒவ்வொன்றிலும் சேர்ந்த அளவு எண்ணாக மாறி, நினைவு அட்டையில் பதிவாகிறது. கிண்ணம் சிறிதாகையால் மங்கிய ஒளியில் சேர்வதும் சிறிதே. இரவுப் படங்கள் பொரிபொரியாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே.

இத்தகைய சில்லுக்கு 1969-இல் வழிகண்ட வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் 2009-இல் நோபல் பரிசு பெற்றனர். 1975-இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் அமைத்த முதல் டிஜிட்டல் காமிராவின் எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. 10,000 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிக்க அதற்கு 23 விநாடிகள் பிடித்தன!

இனி, பயன்படுத்தும் முறை. நான் வாழும் சாத்தத்தில் இரு பருவமழைகளும் பெய்யும். கடற்காற்றில் உப்பும் ஈரமும் மிகுதி. பல நாள் பெட்டியில் பூட்டி வைத்த காமிராவின் வில்லையில் பூஞ்சணம் படரும். ஆகவே, காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். வாரம் ஒருமுறையேனும் வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் வில்லையில் நீர் படியும். அது தானே மறையும்வரை பொறுத்திருங்கள். கடலைப் பின்னணியாக வைத்து ஒருவரைப் படமெடுத்தால் முகம் கறுத்துப் போகும். அப்போது பகலிலும் பிளாஷ் விளக்கைப் போடுங்கள்.

எல்லாவற்றையும் படமெடுக்கும் உரிமை நமக்கு இல்லை என்பதையும் மறவாதீர். பூர்வகுடிகளின் பாதுகாப்புக்கென 1956-இல் இயற்றப்பட்டு 2012-இல் திருத்தப்பட்ட ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, அந்தமானில் ஜாரவா மக்களைப் படமெடுத்தல் தண்டனைக்குரிய குற்றம். அவர்கள் நம் காட்சிப் பொருள்கள் அல்லர்.

இறுதியாக, என் அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் ஊரிலிருந்து சாத்தம் வந்திருந்தார். வாழ்நாளெல்லாம் தச்சுத்தொழில் செய்தவர். 1883-இல் நிறுவப்பெற்ற இங்குள்ள மர அறுவை ஆலையைக் காண வேண்டுமென்று ஆவலுற்றார். அங்கே படாக் பலகையொன்றின்மீது உள்ளங்கையை வைத்து, குழந்தைபோல் சிரித்தார். அன்று நாற்பது படங்கள் எடுத்தேன். அவற்றுள் ஒன்றை மட்டும் அச்சிட்டு அம்மாவுக்கு அஞ்சலில் அனுப்பினேன். ஏனையவற்றைக் கணினிக்கு மாற்றுவதை நாளை, நாளை என்று தள்ளிப்போட்டேன். ஒருநாள் நினைவு அட்டை பழுதுற்றது. ஒரு படமும் மீளவில்லை. மறு ஆண்டு தந்தையாரும் மறைந்தார். அம்மாவின் பூசையறையில் இன்று இருப்பது அஞ்சலில் சென்ற அந்த ஒரே படந்தான்.

ஆகவே நேயர்களே, எடுத்த படங்களை அன்றே வேறு ஓரிடத்தில் பிரதி செய்துகொள்ளுங்கள். அவற்றுள் சிறந்ததைக் காகிதத்தில் அச்சிட்டு ஊருக்கு அனுப்புங்கள். படமெடுக்க ஒரு நொடி போதும். அதைக் காப்பதற்குத்தான் நம் கவனம் வேண்டும்.