மலை ஏறும்போது மூச்சு வாங்குவது ஏன்?



பொகவந்தலாவையில் வாழும் நாம் பாடசாலைக்கும், பஸ் தரிப்பிடத்துக்கும், கொழுந்து மலைக்கும் ஏறி இறங்கியே காலத்தைக் கழிக்கின்றோம். ஏற்றத்தில் எவருக்கும் மூச்சு வாங்குவது இயல்பே. ஆனால் பதினாறு வயது மகள் பாதி வழியில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறாள் என்றால், "சோம்பேறி" என்று ஏசுவதற்கு முன்னர் அவளது உடலினுள் என்ன நிகழ்கிறது என்பதை அறிந்துகொள்வது நம்மீது கடமையாகும்.

ஏறும் கால்களின் தசைகளுக்கு ஒட்சிசன் வேண்டும். வேலை செய்யும் தசைகள் காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றன. அது குருதியில் கூடாதவாறு கண்காணிப்பது மூளையின் அடிப்பகுதியே. நாம் நினைக்காமலே அது மூச்சை விரைவுபடுத்துகின்றது. ஓய்வில் ஒரு மூச்சுக்கு சுமார் அரை லீற்றர் காற்று நுரையீரலினுள் சென்று, அங்குள்ள ஏறத்தாழ 30 கோடி சிற்றறைகளில் பரவுகின்றது. சிற்றறையின் சுவர் மிக மெல்லியது. ஒட்சிசன் அதனூடாகக் குருதியில் கலக்கின்றது. கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேல் வாழும் நமக்குக் கொழும்பில் வாழ்வோரைவிட ஒவ்வொரு மூச்சிலும் ஒட்சிசன் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவாகவே கிடைக்கிறது. சுகதேகிக்கு இது பொருட்டல்ல. உடல் அதற்குப் பழகிக்கொள்ளும்.

நுரையீரலில் பெற்றதைக் கால் வரை கொண்டு சேர்ப்பது இதயத்தின் பணி. ஓய்வில் நிமிடத்துக்கு எழுபது தடவை அளவில் துடித்து, சுமார் 5 லீற்றர் குருதியை அது வெளித்தள்ளுகின்றது. ஏற்றத்தில் இந்த அளவு இரண்டு மூன்று மடங்காகும். இதயத்தின் வலப்பக்கக் குருதி இடப்பக்கத்துக்கு எவ்வழியே செல்கின்றது என்ற வினா பல நூற்றாண்டுகள் வைத்தியர்களை மயக்கி வைத்திருந்தது. நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டென்று கிரேக்க வைத்தியர் காலன் கூறியதையே உலகம் நம்பியது. டமஸ்கஸில் கற்றுக் கெய்ரோவில் வைத்தியம் செய்த இப்னுந் நபீஸ், 1242ஆம் ஆண்டில், இப்னு ஸீனாவின் 'அல் கானூன்' நூலுக்கு எழுதிய விளக்கவுரையில் அதை மறுத்தார். சுவர் தடித்தது, துளை இல்லை, குருதி நுரையீரல் வழியாகச் சென்று காற்றுடன் கலந்தே இடப்பக்கம் வருகின்றது என்றார். அவரது கையெழுத்துப் பிரதி பெர்லின் நூலகத்தில் கிடந்ததை 1924இல் ஓர் எகிப்திய வைத்தியர் கண்டெடுக்கும் வரை, 1628இல் நூல் வெளியிட்ட ஆங்கிலேயர் ஹார்வியின் பெயரும் அவருக்குச் சற்று முந்திய சில ஐரோப்பியரின் பெயர்களுமே பேசப்பட்டன.

இனி, மகளின் விடயத்துக்கு வருவோம். நுரையீரலும் இதயமும் பழுதின்றி இருந்தும் அவளுக்கு ஏன் மூச்சு வாங்குகின்றது? சுமப்பதற்குக் கூடை இருந்தால்தானே கொழுந்து வந்து சேரும். குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் கூடை செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபின். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பணுக்கள் உள்ளன. அவற்றிலேதான் ஒட்சிசன் ஒட்டிக்கொள்கின்றது. வளர்ந்த ஒருவரின் உடல் முழுவதிலும் உள்ள இரும்பு 3 அல்லது 4 கிராம் மட்டுமே! ஒரு செங்குழியம் சுமார் 120 நாட்கள் வாழ்ந்து அழியும்போது அதன் இரும்பை உடல் வீசிவிடுவதில்லை. எலும்பு மச்சை அதைக் கொண்டே புதிய குழியங்களை ஆக்குகின்றது. எனினும் மாதவிடாயினாலும், கர்ப்பத்தினாலும், சில வேளை குடலிலுள்ள கொக்கிப் புழுவினாலும் பெண்களின் இரும்பு குறைந்துகொண்டே போகின்றது. கூடை குறைந்தால் இதயம் விரைந்தோடி ஈடுசெய்யப் பார்க்கும். மகள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வது அந்தப் படபடப்பினாலேயே.

இழந்த இரும்பை மீட்டுத் தரவேண்டியது சமிபாட்டுத் தொகுதி. சிறுகுடலின் தொடக்கப் பகுதியே இரும்பை உறிஞ்சுகின்றது. அதுவும் உணவிலுள்ளதில் ஒரு சிறு பங்கை மட்டுமே. நமது தேயிலை குறுக்கிடுவது இங்கேதான். சாயத்துக்குத் துவர்ப்பைத் தரும் பொருட்கள் கீரை, பருப்பு, கோதுமை மா ஆகியவற்றின் இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொள்கின்றன. உணவோடு அருந்தும் ஒரு கோப்பைத் தேநீர் அவ்விரும்பில் பாதிக்கும் மேற்பட்டதை உறிஞ்சவிடாமல் தடுத்துவிடக்கூடும். பாலூற்றினாலும் இதற்குப் பரிகாரம் இல்லை. இறைச்சி, மீனின் இரும்புக்கு இத்தடை குறைவு; ஆனால் ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயுமே காலையுணவாக உள்ள வீடுகளில் அவை எத்தனை நாளைக்குக் கிடைக்கின்றன?

தேநீரைக் கைவிடச் சொல்லவில்லை. சொன்னாலும் இம்மலையில் யார் கேட்கப்போகிறார்கள்! உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். ஸஹர் உணவை முடித்த கையோடு நேரம் போகிறதே என்று கோப்பையைத் தூக்குவோர், நோன்பு திறந்து, இராவுணவுக்கும் முன்போ பின்போ ஆறுதலாக அருந்தலாம். சோற்றுடன் ஒரு துண்டு தேசிக்காய் பிழிந்துகொள்வதும், கொய்யாப்பழமோ நெல்லியோ உண்பதும் இரும்பு உறிஞ்சப்படுவதைக் கூட்டும்.

கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்புக் குளிசை இலவசமாகக் கிடைக்கின்றது. கசப்பு என்று அதைப் பிளேன்டீயில் விழுங்கும் தாய்மாரைப் பற்றி என்ன சொல்வது! தண்ணீரில் விழுங்கவேண்டும். கல்சியக் குளிசையை அதனுடன் சேர்க்காது வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளவேண்டும். மலம் கறுத்துப்போவதைக் கண்டு அஞ்சி நிறுத்திவிடலாகாது. அது அக்குளிசையின் இயல்பு.

கீழ்க் கண்ணிமையின் உட்புறம் வெளிறியிருத்தல், தலைச்சுற்று, தொடர்ந்த களைப்பு ஆகியவற்றைக் கண்டால் பிள்ளையை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று குருதிப் பரிசோதனை செய்வியுங்கள். வளர்ந்த பெண்ணுக்கு ஈமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் குருதிச்சோகை எனலாம். கர்ப்பிணிக்கு அவ்வெல்லை 11 கிராம். மலைநாட்டில் வாழ்வோருக்கு இவ்வெல்லையைச் சற்று உயர்த்தியே வைத்தியர்கள் கணிப்பர். தலசீமியா போன்ற நோய்களிலும் குருதி குறையும். அப்போது இரும்பு கேடாகவும் முடியலாம். ஆகவே பரிசோதிக்காமல் கடையில் குளிசை வாங்கிக் கொடுக்காதீர்கள். வைத்தியர் தந்த குளிசையால் சில வாரங்களில் களைப்பு தீர்ந்து மகள் மலையேறத் தொடங்கினாலும், ஈரலிலுள்ள சேமிப்பு நிரம்புவதற்கு மேலும் மூன்று மாதங்களளவில் அது தொடரப்படவேண்டும்.