65,536ஆவது வரியில் நின்ற கணக்கு

கடன் கொப்பியின் கடைசிப் பக்கம் முடிந்தால் புதிய கொப்பி எடுப்போம். கணனியிலும் அப்படியொரு கடைசிப் பக்கம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

எனது மொத்தக் கடையின் பல வருட பில் விபரங்களை எழுத்துக் கோப்பாக எடுத்து, பழைய எக்ஸெல் 2003இல் திறந்தேன். கோப்பு முழுமையாக ஏறவில்லை என ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் வந்தது. வாசிக்காமல் ஓகே அழுத்தி, அதே பெயரில் சேமித்தும் விட்டேன். கடைசி மாதங்களின் கடன் விற்பனை முழுவதும் போய்விட்டது. பில் கட்டுகளைப் பிரித்து மீண்டும் பதிய வேண்டியதாயிற்று.

காரணம் இதுதான். எக்ஸெல் 97 முதல் 2003 வரை ஒரு தாளில் 65,536 வரிகளே கொள்ளும். 2007 பதிப்பு அதனை 1,048,576 ஆக உயர்த்தியது. ஆனால் எக்ஸ்.எல்.எஸ். என்னும் பழைய வடிவில் சேமித்தால் இன்றும் பழைய எல்லைதான். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனமே இதில் மாட்டி, 15,841 கொரோனா தொற்றாளர்களை உரிய நேரத்தில் கணக்கில் சேர்க்கத் தவறியது.

ஆகவே வியாபாரிகளே, கோப்பைத் திறந்ததும் கடைசி வரியின் திகதியைக் கடைசி பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூலக் கோப்பின் மேல் சேமிக்காதீர்கள்; வேறு பெயர் கொடுங்கள்.