நாய்க்குப் பரிசு: பிஸ்கட் வேண்டாம், கேரட் போதும்

புது தில்லி: சொன்னதைச் செய்தவுடன் ஒரு துண்டு தின்பண்டம். நாய்ப் பயிற்சியின் முதல் பாடம் இதுதான். ஆனால், எதைக் கொடுப்பது என்பதில்தான் பலரும் தவறிவிடுகின்றனர்.

தலைநகர வீடுகளில் கைக்கு எட்டுவது பெரும்பாலும் தேநீருக்கு வைத்த பிஸ்கட். அதிலுள்ள மாவும் சர்க்கரையும் நாயைப் பருக்க வைக்கும். பருத்த உடலின் சுமை மூட்டுகளைத் தாக்கும்.

நாளொன்றுக்குத் தேவையான கலோரியில் தின்பண்டங்களின் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் அளவு. பயிற்சியில் பலமுறை பரிசளிக்க நேரும் என்பதால், ஒவ்வொரு துண்டும் பட்டாணி அளவு இருந்தால் போதும். துண்டு பெரிதாக இருப்பதைவிட உடனே கிடைப்பதே முக்கியம்.

உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத கோழி இறைச்சி, கேரட், பூசணி, விதை நீக்கிய ஆப்பிள் ஆகியவற்றை வீட்டிலேயே நறுக்கி வைத்துக் கொள்ளலாம்.

தீபாவளிப் பரிசுப் பெட்டிகளில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக் கூடும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் இதயத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கும். சர்க்கரையில்லா மிட்டாய்கள் சிலவற்றில் சேர்க்கப்படும் சைலிட்டால், ரத்தச் சர்க்கரையை வெகுவாகக் குறைத்து உயிரையே பறிக்கக் கூடும். சமையலறையில் உள்ள வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

இவற்றில் எதையேனும் நாய் விழுங்கிவிட்டால், அறிகுறிகள் தென்படும் வரை காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.