180 ஹெர்ட்ஸ் வாங்கி 60-ல் ஆடுகிறீர்களா?

கேமிங் மானிட்டரின் பெட்டியில் 180 ஹெர்ட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டி, ‘என்னமா வழுக்கிக்கிட்டுப் போகுது!’ என்று சிலாகிப்பவர்களில் சிலர் பழைய 60-லேயேதான் ஆடிக்கொண்டிருப்பார்கள். விண்டோஸ் பல சமயம் புது மானிட்டரை 60 ஹெர்ட்ஸில்தான் ஓட்ட ஆரம்பிக்கும்; நாமாகப் போய் மாற்றினால்தான் மாறும். மாற்றுவது அரை நிமிட வேலை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எந்த எண்ணுக்கு எவ்வளவு காசு கொடுக்கலாம் என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஒரு நொடியில் திரை எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்குதான் ஹெர்ட்ஸ். 60 என்ற எண்ணைக் கண்ணுக்கு இது போதும் என்று அளந்து யாரும் வைக்கவில்லை. தொலைக்காட்சி வந்த புதிதில், படத்தின் வேகம் மின்சாரத்தின் வேகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் திரையில் பட்டை பட்டையாக ஓடும் தொல்லை இருந்தது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் படத்தையும் 60-ல் வைத்தார்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் ஐரோப்பாவும் இந்தியாவும் 50-ல் வைத்தன. பிறகு கணினி வந்தது. பழைய குழாய் மானிட்டர்களில் 60 என்றால் திரை துடிக்கும், தலை வலிக்கும். 75, 85 என்று ஏற்றி வைத்துக்கொள்வோம். எல்சிடி துடிக்காது என்பதால் அதில் 60 மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதை எழுப்பிவிட்டது முப்பரிமாண மோகம். 2009-ல் என்விடியா நிறுவனம் 3டி விஷன் என்ற கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடும். ஒவ்வொரு கண்ணுக்கும் 60 படம் போய்ச் சேர வேண்டுமென்றால் திரை 120-ல் ஓடியாக வேண்டும். அதற்காகவே சாம்சங்கின் 2233ஆர்இசட் போன்ற 120 ஹெர்ட்ஸ் எல்சிடிக்கள் வந்தன. கண்ணாடி போன இடம் தெரியவில்லை. ஆனால் கண்ணாடி இல்லாமலே அந்தத் திரையில் ஆடிப் பார்த்தவர்கள் 60-க்குத் திரும்ப மறுத்தார்கள். இன்றைய கேமிங் மானிட்டர் சந்தை இப்படித்தான் தொடங்கியது.

‘மனிதக் கண்ணால் 24 படத்துக்கு மேல் பார்க்க முடியாது’ என்று இன்னமும் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். சினிமா நொடிக்கு 24 படம்தான். ஆனால் ஃபிலிம் புரொஜெக்டரே ஒவ்வொரு படத்தையும் இரண்டு அல்லது மூன்று முறை காட்டும். இல்லாவிட்டால் திரை துடிப்பது பளிச்சென்று தெரியும். 2015-ல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் டேவிஸ், ஷியே, லீ ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், கூர்மையான விளிம்புகள் கொண்ட படத்தைத் துடிக்கவிட்டபோது 500 ஹெர்ட்ஸிலும் மனிதர்கள் அதை உணர்ந்தார்கள். ஆகவே கண்ணுக்கு ஒரே ஒரு வேக வரம்பு என்று எதுவும் இல்லை. எதைக் காட்டுகிறோம், கண் அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும்.

கண் என்ன செய்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. குழாய் மானிட்டரில் ஒரு புள்ளி சட்டென்று ஒளிர்ந்து அணைந்துவிடும். எல்சிடி அப்படியல்ல, அடுத்த படம் வரும்வரை பழைய படத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கும். திரையில் எதிரி ஓடுகிறான் என்றால், நம் கண் அவனை நிற்காமல் சீராகத் தொடர்ந்துகொண்டிருக்கும். திரையிலோ அவன் ஒவ்வொரு படத்திலும் ஒரு கணம் அசையாமல் நிற்கிறான், பிறகு அடுத்த இடத்துக்குத் தாவுகிறான். அவன் நிற்கும் அந்தக் கணத்திலும் கண் நகர்ந்துகொண்டே இருப்பதால் அவன் உருவம் விழித்திரையில் இழுபடுகிறது. நாம் மங்கலாகப் பார்ப்பது இதைத்தான்.

கணக்கும் எளிது. ஒரு உருவம் நொடிக்கு 960 பிக்சல் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம்; சாதாரண ஃபுல் எச்டி திரையை இரண்டு நொடியில் கடக்கும் வேகம் இது. 60 ஹெர்ட்ஸில் அது 16 பிக்சல் அகலத்துக்கு இழுபடும். 120-ல் 8, 240-ல் 4. இதைச் சோதிக்க மானிட்டர்கூட வேண்டாம். 120 ஹெர்ட்ஸ் திரை உள்ள கைபேசி கையில் இருந்தால், அதை 60-ல் வைத்து ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்து விரலால் மெதுவாக மேலே தள்ளிக்கொண்டே தலைப்பைப் படியுங்கள். பிறகு 120-ல் வைத்து அதே வேகத்தில் தள்ளிப் படியுங்கள். சுழியும் கொம்பும் புள்ளியும் கலங்காமல் நிற்கும் வித்தியாசம் தெரியும்.

பெட்டியில் எழுதாத இன்னொன்று, எண் ஏற ஏற லாபம் குறைந்துகொண்டே போகும். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லி விநாடி நிற்கிறது. 144-ல் 6.9, ஏறக்குறைய 10 மில்லி விநாடி மிச்சம். 144-லிருந்து 240-க்குப் போனால் மிச்சமாவது 2.8தான். 240-லிருந்து 360-க்கு 1.4. விலை மட்டும் இப்படிச் சுருங்குவதில்லை. 144-க்கும் 180-க்கும் இடைப்பட்டது பெரும்பாலானவர்களுக்குப் போதும் என்பது என் கட்சி. வேலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் என்று போட்டி போட்டுச் சுடுகிறவர்களுக்கு 240 வீண் இல்லை. மனிதனின் எதிர்வினை நேரமே 200 மில்லி விநாடி இருக்கும்போது இந்த இரண்டும் மூன்றும் எதற்கு என்று கேட்கலாம். அந்த 200 எதிராளிக்கும் உண்டு. அதன்மேல் யாருடைய திரை எவ்வளவு தாமதம் சேர்க்கிறது என்பதுதான் கேள்வி. கதை சொல்லும் கேம்களை ஆறஅமர ஆடுகிறவர்கள் அந்தக் காசை நல்ல நிறத்துக்கும் தெளிவுக்கும் கொடுக்கலாம். பிளேஸ்டேஷன் 5-க்காக வாங்குபவர்கள் 120-க்கு மேல் யோசிக்கவே வேண்டாம். அது தருவதே அவ்வளவுதான்.

திரை வேகமாகப் புதுப்பித்தாலும், பிக்சல் அதே வேகத்தில் நிறம் மாற வேண்டும். விஏ வகைத் திரைகள் கறுப்பை ஆழமாகக் காட்டும். ஆனால் பலவற்றில், இருட்டான இடத்தில் எதையாவது நகர்த்தினால் பின்னால் கரி பூசியதுபோல ஒரு தடம் வரும். ஐபிஎஸ் இதில் பரவாயில்லை, கறுப்பு மட்டும் கொஞ்சம் சாம்பல் பூத்திருக்கும். இன்றைக்கு நடுத்தர விலையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றால் அது ஐபிஎஸ்தான். ஓஎல்இடி இரண்டையும் தூக்கிச் சாப்பிடும். பிக்சல் ஒரு மில்லி விநாடிக்கும் வெகு குறைவான நேரத்தில் மாறிவிடும். ஆனால் நாள் முழுக்க எக்செல் திறந்து வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டும்: அசையாமல் நிற்கும் டாஸ்க்பார் நாளடைவில் திரையில் பதிந்துவிடலாம். ‘1 மில்லி விநாடி’ என்று பெட்டியில் இருப்பதை நம்பி மட்டும் வாங்காதீர்கள். பெரும்பாலும் அது மிகச் சாதகமான நிலையில் எடுத்த அளவு.

கிராஃபிக்ஸ் கார்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1440பி தெளிவுத்திறன் கொண்ட திரையில் ஃபுல் எச்டியைவிட முக்கால் பங்குக்குமேல் அதிகப் பிக்சல்கள். 4கே என்றால் நான்கு மடங்கு. நொடிக்கு 70 படம் தயாரிக்கத் திணறும் கார்டுக்கு 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்குவது வெட்டிச் செலவு. ஃபுல் எச்டிக்கு 24 அங்குலம், 1440-க்கு 27 அங்குலம் என்பது பொருத்தமான ஜோடி.

வாங்கியாயிற்று, மாட்ட வேண்டும். கேபிளைச் செருகுமுன் இரண்டு விஷயம் பாருங்கள். கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில் போக வேண்டும். மேலே கைக்கு எட்டுகிற மதர்போர்டு துளையில் செருகிவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. இரண்டாவது, முடிந்தால் டிஸ்ப்ளே போர்ட். பழைய எச்டிஎம்ஐ 1.4 ஃபுல் எச்டியில் பெரும்பாலும் 120-ஓடு நின்றுவிடும். சில மானிட்டர்கள் டிஸ்ப்ளே போர்ட்டில் 180 தந்தாலும் எச்டிஎம்ஐயில் 144தான் தரும். கையேட்டில் பொடி எழுத்தில் இருக்கும். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய், ரிஃப்ரெஷ் ரேட்டை உச்சத்தில் வையுங்கள்.

அடுத்தது திரைக் கிழிசல். கார்டு தருகிற படமும் திரை புதுப்பிக்கும் நேரமும் பொருந்தாதபோது, மேல்பாதி ஒரு படமும் கீழ்பாதி அடுத்த படமுமாகத் தெரியும். படம் தயாராகும் வரை திரை காத்திருந்து புதுப்பித்தால் இந்தத் தொல்லை இல்லை. 2013-ல் என்விடியா ஜி-சிங்க் என்ற பெயரில் இதற்கென்று தனிச் சில்லை அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டே திரைகளுக்குத் தரம் வகுக்கும் வீசா (VESA) அமைப்பு இதே ஏற்பாட்டை அடாப்டிவ் சிங்க் என்ற பெயரில் பொதுத்தரமாக்கியது, என்விடியாவின் போட்டியாளரான ஏஎம்டி அதை ஃப்ரீசிங்க் ஆக்கியது. 2019-ல் என்விடியாவும் இறங்கிவந்து தன் கார்டுகளை அதோடு பழகவிட்டது. ஆகவே இன்று ஜி-சிங்க் ஒட்டுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. மானிட்டர் மெனுவிலும் கார்டின் கன்ட்ரோல் பேனலிலும் இந்த வசதியை ஆன் செய்துவிட்டு, கேமின் ஃபிரேம் உச்சத்தைத் திரையின் வேகத்துக்கு மூன்று நான்கு குறைவாக நிறுத்துங்கள். 144 என்றால் 140. உச்சத்தைத் தாண்டினால் இந்த ஏற்பாடு வேலை செய்யாது.

கடைசியாக, மெனுவில் ஓவர்டிரைவ் என்றோ ரெஸ்பான்ஸ் டைம் என்றோ ஒன்று இருக்கும். பிக்சலை அவசரப்படுத்தும் வசதி அது. உச்சத்தில் வைத்தால் ஓடும் உருவத்தின் பின்னால் வெளிறிய பேய்நிழல் ஒன்று கூடவே ஓடும். நடு அளவே பெரும்பாலும் சரி.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். மாட்டிய அன்றே விளக்கை அணைத்துவிட்டு முழுக் கறுப்பு, முழு வெள்ளைப் படங்களைத் திரையில் போட்டு, செத்த பிக்சல் இருக்கிறதா, ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். கெடு முடிந்தபின் ஒரே ஒரு செத்த பிக்சலுக்காகப் பல நிறுவனங்கள் மாற்றித் தராது.