சிற்றம்பு வித்தகர்

வயது முதிர்ந்தால் ஓட்டக்காரனின் கால்கள் தளர்கின்றன. மல்லனின் தோள்கள் சோர்கின்றன. ஆனால் சுவரில் மாட்டிய வட்டப் பலகையை நோக்கி, இருபது இருபத்தைந்து கிராம் எடையுள்ள சிற்றம்பை எறிகின்ற டார்ட்ஸ் ஆட்டத்திலே தேக பலத்துக்கு அவ்வளவு வேலையில்லையாதலால், அதில் தேர்ச்சி பெற்ற ஒருவன் ஆயுள் முழுதும் முன்னணியில் நிற்கலாமே என்று நமக்குத் தோன்றக்கூடும். அனுபவமோ அதற்கு மாறாக இருக்கிறது. பெரும் புகழோடு எழுந்த பலர் சில ஆண்டுகளுக்குள் ஒளி மங்கிப் போயினர். முதல் உலகப் பட்டத்தை 1990-இல் வென்று, இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் 2018-ஆம் ஆண்டின் முதல் நாளிலும் உலக இறுதியாட்டத்தில் நின்ற பில் டெய்லரின் சரித்திரம் ஆராயத்தக்கதாவது இதனால்தான்.

ஆட்டத்தின் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம். பலகையின் மையம் தரையிலிருந்து 5 அடி 8 அங்குல உயரத்தில் இருக்கும். ஆட்டக்காரர் 7 அடி 9¼ அங்குலத்துக்கு அப்பால், ஒரு கோட்டைத் தாண்டாமல் நிற்பார். பலகை இருபது கூறுகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இடப்பட்டிருக்கிறது. உள்ளே அமைந்த மெல்லிய வளையத்தில் அம்பு தைத்தால் அந்த எண் மும்மடங்காகும். விளிம்பு வளையத்தில் தைத்தால் இரட்டிப்பாகும். இவ்வளையங்களின் அகலமோ 8 மில்லிமீட்டர்தான்! பேராசையைத் தண்டிப்பதற்கென்றே எண்களின் வரிசையும் அமைந்திருக்கிறது. மிகப் பெரிய எண்ணாகிய 20-இன் ஒரு பக்கத்தில் 1, மறுபக்கத்தில் 5. உலகப் பட்ட ஆட்டம் பல லெக்குகள் சேர்ந்த செட்டுகளாக நடக்கும். ஒவ்வொரு லெக்கிலும் ஆட்டக்காரர் 501 என்ற தொகையிலிருந்து, முறைக்கு மூன்று அம்புகளாக எறிந்து, பெற்ற எண்களைக் கழித்துக்கொண்டே வந்து, கடைசி அம்பை இரட்டை வளையத்தில் செலுத்திச் சரியாகப் பூஜ்யத்தில் முடிக்கவேண்டும். மிகினாலும் பயனில்லை, அந்த முறையின் எண்கள் யாவும் ரத்தாகிவிடும். எனவே கண்ணுக்கும் கைக்கும் மேலாக, சலனமற்ற சித்தமே இவ்வாட்டத்தின் மூலதனம்.

இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்போனது. அங்கே 1960-இல் பிறந்த டெய்லர், பீங்கான் கைப்பிடிகள் செய்யும் தொழிற்சாலையில் வாரம் 52 பவுண்டு கூலிக்கு உழைத்துக்கொண்டு, மாலை வேளைகளில் மதுவிடுதிகளில் ஆடிவந்தவர். அவ்வூரில் குடியேறி விடுதி நடத்திய எரிக் பிரிஸ்டோ, அதற்குள் ஐந்து முறை உலகப் பட்டம் பெற்றிருந்த மகாவீரர். இளைஞரின் திறமையைக் கண்ட அவர், தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஆட்டத்திலேயே முழுமூச்சாக இறங்கவேண்டும் என்ற நிபந்தனையோடு 10,000 பவுண்டு கடன் கொடுத்தார். கொடுத்த பணம் வேரூன்றியது என்பதற்கு அத்தாட்சி 1990-இல் வெளிப்பட்டது. பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு நூற்றிருபத்தைந்து என்று கணித்து ஒதுக்கியிருந்த டெய்லர், உலக இறுதியாட்டத்தில் 6-1 என்ற செட் கணக்கில் தோற்கடித்தது வேறு யாரையுமன்று, தமக்குக் கடன் கொடுத்த அந்தக் குருநாதரையே!

அந்தக் குருவின் வாழ்க்கையிலேதான் இவ்வாட்டத்தின் விசித்திரமான அபாயமும் தெரிகிறது. 1980-களின் பிற்பகுதியில் பிரிஸ்டோவை டார்ட்டைட்டிஸ் என்ற கோளாறு பற்றியது. கையில் நோயில்லை, பார்வையில் பழுதில்லை, ஆயினும் அம்பை விடுவிக்கவேண்டிய கணத்தில் விரல்கள் திறக்க மறுத்துவிடும். பல்லாயிரம் முறை தன்னிச்சையாக நிகழ்ந்த காரியத்தில் அச்சமும் யோசனையும் புகுந்து இடைமறித்ததன் விளைவு அது என்று கருதப்படுகிறது. ஓரளவு தேறி அவர் மீண்டும் பெரிய ஆட்டங்களை ஆடினாரெனினும், உலகப் பட்டம் மறுபடி அவர் கைக்கு வரவில்லை. சிஷ்யரோ, குருவிடம் கற்ற கண்டிப்பான அப்பியாசத்தை நாள் தவறாத விரதமாகக் கைக்கொண்டார்.

இதற்கிடையில் ஆட்ட உலகமே இரண்டுபட்டது. தொலைக்காட்சிப் போட்டிகள் குறைந்து வருமானம் சுருங்கியதனால், முன்னணி ஆட்டக்காரர்கள் பழைய சங்கத்தைவிட்டு விலகித் தனி அமைப்பு கண்டனர். டெய்லரும் அவர்களோடு சேர்ந்தார். அவ்வமைப்பின் முதல் உலகப் போட்டியில், 1994-இல், டென்னிஸ் பிரீஸ்ட்லியிடம் தோற்றார். அடுத்த ஆண்டு முதல் 2002 வரை தொடர்ச்சியாக எட்டுப் பட்டங்களையும் அவரே பெற்றார். 2003-இல் ஜான் பார்ட் அந்தச் சங்கிலியை அறுத்தார். 2007-இல் ரேமண்ட் வான் பார்னவெல்டு கடைசி லெக் வரை இழுத்து வென்றார். அத்துடன் டெய்லரின் காலம் முடிந்தது என்று பலர் தீர்மானித்தனர். ஈராண்டுக்குப் பின் அதே வான் பார்னவெல்டை 7-1 என்று வீழ்த்தியது அவர் அளித்த மறுமொழி. 2010-இல் வேறொரு போட்டியில், ஜேம்ஸ் வேடுக்கு எதிரான ஒரே இறுதியாட்டத்தில், 501-ஐ ஒன்பதே அம்புகளில் தீர்க்கும் அபூர்வ சாதனையை இருமுறை நிகழ்த்தினார். 2013-இல், ஐம்பத்திரண்டாம் வயதில், இளைஞர் மைக்கேல் வான் கெர்வெனிடம் 2-4 என்று பின்தங்கியிருந்தும், அடுத்த ஐந்து செட்டுகளையும் வரிசையாகக் கைப்பற்றிப் பதினாறாவது உலகப் பட்டத்தை எய்தினார். பிளாக்பூல் நகரில் நடக்கும் உலக மேட்ச்பிளே போட்டியையும் பதினாறு முறை வென்றவராதலால், அதன் கோப்பை இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

கடைசிப் போட்டி இதுவே என்று முன்னரே அறிவித்துவிட்டு அவர் ஆடிய 2018 இறுதியாட்டத்தில், ராப் கிராஸ் என்பவர் 7-2 என்று வென்றார். மின்பணியாளராக இருந்த கிராஸுக்கு, முழுநேர ஆட்டக்காரராக அதுவே முதல் பருவம். முதுமையினால் வந்த தோல்வி என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். கணக்கு அதற்கு இடங்கொடுக்கவில்லை. மூன்று அம்புகளுக்கு இத்தனை எண்கள் என்ற சராசரியே ஆட்டத்தின் தரத்தைக் காட்டும் அளவை. 1990-இல் குருவை வென்ற நாளில் டெய்லரின் சராசரி நூற்றைத் தொடவில்லை. 2018-இல் தோற்ற நாளில் அது நூற்றைக் கடந்திருந்தது. முதல் பட்டம் வாங்கிய இருபத்தொன்பது வயது இளைஞரைக் காட்டிலும் ஐம்பத்தேழு வயது மனிதர் நன்றாகவே ஆடினார். ஆயினும் அது போதவில்லை. கால் நூற்றாண்டாக அவரை வெல்ல வேண்டுமென்றே முயன்று தேர்ந்த ஒரு தலைமுறை, அவர் உயர்த்திவைத்த தரத்தைத் தன் தொடக்கப் படியாகக் கொண்டுவிட்டது. டெய்லரின் நெடிய வாழ்க்கைக்குப் பதினாறு பட்டங்களைவிடப் பெரிய சான்று அந்தத் தோல்வியே என்று சொல்லலாம்.