யார் முதலில் சுட்டார்?
கணிப்பொறிக் களத்தில் ஒரு காலச் சிக்கல்

தபால் மூலம் சதுரங்கம் ஆடுவோர் உண்டு. ஒருவர் ஒரு நாட்டிலும் மற்றவர் வேறொரு நாட்டிலும் இருந்துகொண்டு, காய் நகர்த்தலை அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவர். அட்டை போய்ச் சேரப் பத்து நாள் ஆனாலும் ஆட்டத்தின் நேர்மைக்கு ஒரு குறையும் வராது. ஏனெனில் அங்கே முறை வைத்து ஆடுகிறார்கள். எதிராளியின் அட்டை வரும்வரை நம் காய் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இனி இன்னொரு வகை ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். இங்கே முறை என்பதே கிடையாது. பத்துப் பேரும் ஒரே சமயத்தில் ஓடுகிறார்கள், ஒளிகிறார்கள், சுடுகிறார்கள். ஒருவர் ஸ்டாக்ஹோமில் இருக்கிறார், இன்னொருவர் லண்டனில், வேறொருவர் வார்சாவில். ஒருவர் செய்ததை மற்றவருக்கு அறிவிக்கச் சிறிது நேரம் பிடிக்கிறது. அந்தச் சிறிது நேரத்துக்குள் ஒருவர் மற்றவரை வீழ்த்திவிட முடியும். இருவருமே "நான்தான் முதலில் சுட்டேன்" என்று சொன்னால், யார் சொல்வது மெய்?

கவுண்டர்-ஸ்ட்ரைக் என்னும் கணிப்பொறி ஆட்டத்தைச் செய்தவர்கள் இந்தக் கேள்விக்கு விடை கண்டாக வேண்டியிருந்தது. 2013-இல் ஸ்வீடன் நாட்டு யான்ஷோப்பிங் நகரில் நடந்த போட்டியில் இந்த ஆட்டத்துக்கு மொத்தப் பரிசு 2,50,000 டாலர். இவ்வளவு பணம் ஒரு தோட்டாவைச் சார்ந்து நிற்கும்போது, "ஏறக்குறைய ஒரே நேரம்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

மாணவர் செய்த ஆட்டம்

1998 நவம்பரில் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ஹாஃப்-லைஃப் என்ற ஆட்டத்தை வெளியிட்டது. வாங்கியவர்கள் அதன் உள்ளமைப்பை மாற்றித் தாமே புதிய ஆட்டம் செய்துகொள்ள நிறுவனம் இடம் தந்தது. கனடாவில் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மின் லே என்பவர், ஜெஸ் கிளிஃப் என்பவருடன் சேர்ந்து, 1999 ஜூனில் தம் ஆட்டத்தின் முதல் சோதனை வடிவத்தை இலவசமாக வெளியிட்டார். அது காட்டுத்தீ போலப் பரவியது. வால்வ் நிறுவனமே உரிமையைப் பெற்று, 2000 நவம்பரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு 2004, 2012, 2023 ஆகிய ஆண்டுகளில் புதிய அமைப்புகள் வந்தன. விதிகளின் எலும்புக்கூடு மட்டும் பெரும்பாலும் மாறவில்லை.

ஐவர் கொண்ட இரண்டு அணிகள். ஓர் அணி பயங்கரவாதிகளாகவும் மற்றது அவர்களைத் தடுக்கும் படையாகவும் ஆடும். பாதி ஆட்டத்தில் வேடம் மாறும். தாக்கும் அணி, குறிக்கப்பட்ட இரண்டு இடங்களில் ஒன்றில் வெடிகுண்டை வைக்க வேண்டும். வைத்துவிட்டால் 40 வினாடியில் அது வெடிக்கும். அதைச் செயலிழக்கச் செய்ய 10 வினாடி ஆகும், 400 டாலர் கொடுத்து (ஆட்டப் பணந்தான்!) கருவிப் பெட்டி வாங்கியிருந்தால் 5 வினாடி போதும். வீழ்ந்தவர் அந்தச் சுற்று முடியும்வரை எழ முடியாது. கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டியதுதான். ஆகவே ஓர் உயிரின் விலை இங்கே மிக அதிகம். 2023-ஆம் ஆண்டின் அமைப்பில் முதலில் 13 சுற்றுகளை வெல்லும் அணி ஆட்டத்தை வெல்லும்.

இதில் சாமர்த்தியமான பகுதி துப்பாக்கியன்று, வரவு செலவுக் கணக்கே என்பது என் கருத்து. ஒவ்வொருவரும் 800 டாலருடன் தொடங்குகிறார். ஏ.கே.-47 துப்பாக்கியின் விலை 2,700. தொலைநோக்கி பொருத்திய பெருந்துப்பாக்கி ஒன்றின் விலை 4,750. எதிரணியை முற்றாக வீழ்த்தி வென்றால் ஆளுக்கு 3,250 டாலர் கிடைக்கும். தோற்றவருக்கும் ஆறுதல் தொகை உண்டு. தொடர்ந்து தோற்கத் தோற்க அது 3,400 வரை ஏறும். எனவே ஓர் அணி ஒரு சுற்றில் வேண்டுமென்றே ஒன்றும் வாங்காமல் கைத்துப்பாக்கியோடு தோற்று, அடுத்த சுற்றுக்குப் பணம் சேர்ப்பதுண்டு. விதைநெல்லை உண்ணாமல் பசி பொறுக்கும் குடியானவனின் கணக்குத்தான் இது. ஐவரும் ஒத்துப் பொறுத்தால்தான் பலிக்கும். ஒருவர் மட்டும் ஆசைப்பட்டு வாங்கினால் அவரும் கெட்டு, அணியும் கெடும்.

பணத்துக்கு அடுத்த செல்வம் செய்தி. ஓடினால் காலடி ஓசை எதிரிக்குக் கேட்கும். மெல்ல நடந்தால் கேட்காது, ஆனால் நேரம் போய்விடும். களங்களும் இந்தக் கணக்கை வைத்தே அமைக்கப்படுகின்றன. டேவ் ஜான்ஸ்டன் 2001-இல் அமைத்த "டஸ்ட் 2" என்னும் பாலைவன நகர்க் களம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் நடுவே இரட்டைக் கதவு ஒன்று இருக்கிறது. கதவுகளுக்கிடையே ஒடுங்கிய ஓர் இடைவெளி. சுற்று தொடங்கியதும் காக்கும் அணியினர் அந்த இடைவெளிக்கு அப்பால் ஒரு கணத்தில் ஓடிக் கடப்பர். தாக்கும் அணியில் ஒருவர் பெருந்துப்பாக்கியை அதன் மேல் குறிவைத்துக் காத்திருப்பார். கடக்கும் நேரம் ஒரு வினாடியிலும் சிறு பங்கு. நம் சிக்கல் முழுவதும் அந்தச் சிறு பங்கில்தான் அடங்கியிருக்கிறது.

ஒளியின் வேகமும் போதவில்லை

வெற்றிடத்தில் ஒளி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கி.மீ. செல்லும் என்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. கண்ணாடி இழைக்குள் அது மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்து, 2,00,000 கி.மீ. ஆகிறது. ஸ்டாக்ஹோமுக்கும் நியூயார்க்குக்கும் இடையே சுமார் 6,300 கி.மீ. தூரம். இழை நேர்க்கோட்டில் கிடந்தாலும் செய்தி போய்வர 63 மில்லி வினாடி ஆகும். இழை நேராகக் கிடப்பதில்லை. வழியில் இணைப்புக் கருவிகளும் உண்டு. உண்மைத் தாமதம் இதைவிட அதிகம். இதை எந்தப் பொறியாளரும் குறைத்துவிட முடியாது.

இந்தச் சிறு தாமதத்தால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். களத்தின் அளவைக் கொண்டே பார்ப்போம். கத்தியை மட்டும் ஏந்தி ஓடும் ஆட்டக்காரர் வினாடிக்கு 250 அலகு தூரம் ஓடுகிறார். அவருடைய உடலின் அகலம் 32 அலகு. அப்படியானால் 100 மில்லி வினாடியில் 25 அலகு, அதாவது முக்கால் உடல் அகலத்துக்கும் மேல் நகர்ந்துவிடுவார். ஏ.கே.-47 நிமிடத்துக்கு 600 தோட்டா சுடுவதால் அதே 100 மில்லி வினாடி ஒரு தோட்டாவின் நேரமும் ஆகும். கண் கண்டு கை அசைய மனிதருக்கு 200 முதல் 250 மில்லி வினாடி வேண்டும் என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ணுங்கள்.

நடுவர் எங்கே இருக்கிறார்?

பத்து ஆட்டக்காரர்களின் கணிப்பொறிகளும் ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்வதில்லை. சர்வர் எனப்படும் பொதுக் கணிப்பொறி ஒன்று நடுவராக இருக்கிறது. இன்ன பொத்தானை அழுத்தினேன், இன்ன திசையில் பார்த்தேன் என்று ஒவ்வொருவரும் அதற்கு அறிவிக்கிறார்கள். அது எல்லாவற்றையும் கணக்கிட்டு, யார் எங்கே இருக்கிறார் என்னும் பதிவை எல்லாருக்கும் அனுப்புகிறது. 2012-ஆம் ஆண்டு அமைப்பில், வால்வ் நிறுவனம் நடத்திய சர்வர்கள் இதை வினாடிக்கு 64 முறை செய்தன. ஒவ்வொரு முறையையும் ஆட்டக்காரர்கள் "டிக்" என்பார்கள். நாம் துடிப்பு எனலாம். ஒரு துடிப்பு 15.6 மில்லி வினாடி.

நடுவரின் விடை வந்த பிறகே திரையில் எதுவும் அசையும் என்று வைத்தால் என்ன ஆகும்? 1996-இல் குவேக் என்ற ஆட்டத்தை வலை வழியே ஆடியவர்கள் அந்தத் துன்பத்தைக் கண்டார்கள். காலெடுத்து வைக்க ஆணையிட்டால், சற்றுப் பொறுத்தே கால் எழும். சேற்றில் நடப்பது போல இருக்கும். அவ்வாண்டு இறுதியில் வந்த குவேக்வேர்ல்ட் என்ற திருத்த வடிவத்தில் ஜான் கார்மக் ஒரு வழி செய்தார். ஆட்டக்காரரின் கணிப்பொறியே நடுவரின் விடையை முன்கணித்து, அவரை உடனே நகர்த்திக் காட்டிவிடும். கணிப்பு தவறினால் பிறகு திருத்திக்கொள்ளும்.

ஆனால் முன்கணிப்பு நம் காலுக்குத்தான் உதவும். எதிராளியின் மனத்தை யார் கணிப்பது? எனவே எதிராளியை எப்போதும் சற்றுப் பழைய நிலையில்தான் காட்ட முடிகிறது. போதாக்குறைக்கு இன்னொரு தாமதமும் சேர்கிறது. பதிவுகள் விட்டுவிட்டு வருவதால், உருவங்கள் துள்ளித் துள்ளி நகராமல் இருக்க, வந்த இரண்டு பதிவுகளுக்கிடையே உள்ள நிலைகளைக் கணிப்பொறி நிரப்பிக் காட்டுகிறது. அதற்காக இரண்டு துடிப்பளவு, அதாவது 31 மில்லி வினாடி, பின்தங்கியே படம் காட்டுகிறது. ஆக, உங்கள் திரையில் நீங்கள் நிகழ்காலத்தில் இருக்கிறீர்கள். எதிரி இறந்தகாலத்தில் இருக்கிறார். அவர் திரையில் அவர் நிகழ்காலத்தில், நீங்கள் இறந்தகாலத்தில்!

காலத்தைப் பின்னோக்கித் திருப்புதல்

பழைய நிலையில் தெரியும் எதிரியைச் சரியாகக் குறிவைத்துச் சுட்டால், நடுவரின் கணக்கில் அவர் அங்கே இருக்கமாட்டார். தோட்டா வெற்றிடத்தில் போகும். ஆகவே ஆட்டக்காரர்கள் தம் தாமதத்தை மனக்கணக்காகப் போட்டு, ஓடுபவருக்குச் சற்று முன்னே சுடப் பழகினார்கள். தாமதம் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே திறமையோடு தந்திக் கம்பியின் யோகமும் வெற்றியைத் தீர்மானித்தது.

இதற்கு வால்வ் நிறுவனம் கையாண்ட தீர்வை, அங்கே பணியாற்றிய யான் பெர்னியர் 2001-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். தாமத ஈடு என்று அதைச் சொல்லலாம். எல்லாருடைய கடந்த ஒரு வினாடி நிலைகளையும் நடுவர் குறித்து வைத்திருக்கிறார். ஒருவர் சுட்ட செய்தி வந்ததும், அவருடைய தாமதத்தையும் இடைநிரப்பலின் 31 மில்லி வினாடியையும் கூட்டி, அவ்வளவு நேரம் முன்பு மற்றவர்கள் நின்ற இடங்களுக்கு அவர்களைத் திருப்பி நிறுத்துகிறார். தோட்டா பட்டதா என்று பார்க்கிறார். பிறகு அவரவரைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடுகிறார். கிரிக்கெட்டில் மூன்றாம் நடுவர் படச்சுருளைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பதை ஒக்கும் இது. ஆனால் அவர் பார்ப்பது எல்லாருக்கும் பொதுவான படம். இங்கே சுட்டவரின் கண்ணில் தெரிந்த படமே சாட்சி.

அந்தச் சாட்சியம் யாருக்கோ அநீதியாகத்தான் முடியும். நீங்கள் சுவருக்குப் பின்னால் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உங்களைச் சுட்டவரின் செய்தி நடுவருக்கு எட்ட 150 மில்லி வினாடி ஆகிறது; நடுவரின் பதிவு அவரை எட்டவும் அவ்வளவே. அவர் திரையில் நீங்கள் இன்னும் வெளியேதான் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் குறி தவறவில்லை. நடுவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் சுவருக்குப் பின்னால் நீங்கள் செத்து விழுகிறீர்கள். "சுவரைத் துளைத்துச் சுட்டான்" என்று ஆட்டக்காரர்கள் கூச்சலிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

இன்னொரு விளைவு அத்தனை வெளிப்படையாகத் தெரியாது. மூலையில் குறிவைத்துக் காத்திருப்பவருக்கே ஆதாயம் என்று நாம் நினைப்போம். கணக்கு வேறு சொல்கிறது. மறைவிலிருந்து வெளியே பாய்பவர், முன்கணிப்பின் தயவால், தம் திரையில் உடனே வெளிப்பட்டுக் காத்திருப்பவரைக் கண்டுவிடுகிறார். அவர் பாய்ந்த செய்தி நடுவரை எட்ட 30, அடுத்த துடிப்புக்குச் சராசரியாக 8, காத்திருப்பவரை எட்ட 30, இடைநிரப்பலுக்கு 31: மொத்தம் 99 மில்லி வினாடி கழித்தே காத்திருப்பவர் அவரைக் காண்கிறார். ஒரு தோட்டாவின் நேரம்! தேர்ந்த அணிகள் முடங்கிக் காவாமல் மூலைகளில் துணிந்து பாய்வதற்கு வீரம் மட்டும் காரணமன்று.

ரயட் நிறுவனம் 2020 ஜூனில் வெளியிட்ட வாலரன்ட், இதே வகையைச் சேர்ந்த போட்டி ஆட்டம். அதன் சர்வர்கள் துடிப்பை 128 ஆக்கி இந்த இடைவெளியைக் குறைத்தன. எதிரி கண்ணில் படும் நிலைக்கு நெருங்கும்வரை அவர் இருக்குமிடத்தைப் பிறர் கணிப்பொறிக்கு அனுப்பாமல் வைத்திருப்பது அதன் இன்னொரு ஏற்பாடு. சுவருக்கு அப்பால் பார்க்கும் கள்ள மென்பொருளுக்கு இதனால் வேலை குறைகிறது, இல்லாத செய்தியை யாரும் திருட முடியாதல்லவா? வால்வ் வேறு வழியில் சென்றது. 2023 செப்டம்பரில் வந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-இல் துடிப்பு 64 ஆகவே இருந்தது. ஆனால் இரண்டு துடிப்புகளுக்கிடையே எந்தக் கணத்தில் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதும் செய்தியோடு சேர்த்துக் குறிக்கப்பட்டது.

பெரிய பரிசுப் போட்டிகளின் இறுதிக் கட்டத்தை, போலந்தின் கடோவிட்சே நகரில் நடந்தது போல, இரு அணிகளையும் ஒரே அரங்கில் உட்காரவைத்து நடத்துவதன் காரணம் இப்போது விளங்கும். சர்வரும் அங்கேயே இருப்பதால் மேலே கண்ட கணக்கில் இரண்டு 30-களும் ஏறக்குறைய மறைந்துவிடுகின்றன. துடிப்பின் தாமதமும் இடைநிரப்பலின் தாமதமும் 2012-ஆம் ஆண்டு அமைப்பில் அரங்கிலும் ஓரளவு மிஞ்சின. ஒரே மேடையில், கூப்பிடு தூரத்தில் அமர்ந்திருந்த பத்துப் பேரும் ஒருவரையொருவர் சற்றுப் பின்தங்கியே பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.